‘காணவில்லை’ புகாரும் பால்புதுமை இளையோரும்

வயதுவந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்தி வீட்டில் வைத்திருக்கப் பெற்றோருக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை. காவல் நிலையத்தில் ‘பெண் காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், இல்லாத அந்த அதிகாரம் கொல்லைப்புறமாக வந்து சேர்கிறது. உயரம், நிறம், அங்க அடையாளம், கடைசியாக உடுத்தியிருந்த உடை எல்லாம் புகாரில் இருக்கும். வீட்டைவிட்டு ஏன் போனார் என்பது இருக்காது. எப்.ஐ.ஆர். பதிவானதும் தேடுவது போலீசின் கடமை. செல்போன் டவர் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘இளம்பெண் மீட்பு’ என்று மறுநாள் செய்தி வரும். யாரிடமிருந்து மீட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மதுரையைச் சேர்ந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தன்பாலீர்ப்புப் பெண்கள் இருவர் சென்னைக்கு வந்தபோதும் இரு வீட்டாரும் இதே புகாரைத்தான் கொடுத்தனர், இரண்டு எப்.ஐ.ஆர். பதிவாயின. அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவின்படி, தேடப்படுபவர் சுயவிருப்பத்துடன் சென்ற வயதுவந்த பால்புதுமையர் (எல்.ஜி.பி.டி.க்யூ.) என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை தராமல் போலீசார் புகாரை முடித்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் உண்டு. புகாரை வாங்காதே என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே தொலைந்தவர்களுக்கு அந்தப் புகார் வேண்டும். தேடலாம், கண்டுபிடிக்கலாம், பிடித்து ஒப்படைக்கும் வேலை மட்டும் கிடையாது.

ஆனால் மொத்தப் பாரமும் அந்த வாக்குமூலத்தின் மேல் விழுகிறது. ஸ்டேஷன் பெஞ்சில் அம்மா அழுதுகொண்டிருக்க, மாமா பின்னால் நிற்க, ‘வீட்டுக்கே போறேன்’ என்று சொன்னால் அதுவும் வாக்குமூலம்தான். ஆட்கொணர்வு வழக்குகளில் சம்பந்தப்பட்டவரைக் குடும்பத்தாரின் நெருக்குதல் இல்லாமல் தனியே விசாரிக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அது நீதிமன்றங்களுக்கானது. ஆளை யாருடன் அனுப்புவது என்பது அதற்கு முன்பே காவல் நிலையத்தில் முடிவாகிவிடுகிறது. வேலூர் வழக்கு ஒன்றில் 25 வயதுப் பெண்ணை அப்படித்தான் பெற்றோருடன் அனுப்பிவைத்தனர். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் போலீசைக் கண்டித்து, அவரைத் தோழியுடன் செல்ல அனுமதித்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்றும் சொன்னது.

போலீஸ் தொல்லையைத் தடுக்கத் தமிழக அரசு 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற பிரிவைச் சேர்த்தது. சட்டப்படி நடக்கும் விசாரணை தொல்லையில் சேராது என்று அதன் விளக்கக் குறிப்பு கூறுகிறது. ‘காணவில்லை’ புகார் மீதான விசாரணையும் சட்டப்படியானதுதான்.

பிற கேள்விகள்:

பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை? தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் இதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அது மருத்துவரைக் கட்டுப்படுத்தும், மந்திரிப்பவரைக் கட்டுப்படுத்தாது.

கல்லூரியில் கேலி? பாலின அடையாளம், பாலீர்ப்பு காரணமான துன்புறுத்தலும் 2016 முதல் யு.ஜி.சி. விதிப்படி ராகிங்.

பள்ளியில்? திருநர் குழந்தைகள் குறித்து ஆசிரியர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் 2021-ல் இணையதளத்திலிருந்து காணாமல் போனது.

ஊடுபால் (இன்டர்செக்ஸ்) குழந்தைகள்? உயிருக்கு ஆபத்து இருந்தாலொழியப் பாலின அறுவை சிகிச்சை கூடாது என்பது தமிழகத்தின் 2019 அரசாணை.

மன உளைச்சல்? டெலி-மனாஸ் உதவி எண் 14416; சிறாருக்கு 1098.

18 வயது நிறையாதவர்? 2021 உத்தரவு பேசுவது வயதுவந்தோரைப் பற்றி. சிறாரோ குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுவர். வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை அக்குழு முடிவு செய்யும்.