வானிலாக் கொடியும் அதன் சாகுபடியும்

ஆர்க்கிட் குடும்பம் பெரும்பாலும் அழகிய மலர்களுக்கே பெயர்பெற்றது. ஆயிரக்கணக்கான அதன் இனங்களுள், உண்பண்டங்களுக்கு மணமூட்டும் காய்க்காகப் பெருமளவில் பயிரிடப்படுவது வானிலா ஒன்றே எனலாம். குடியானவர்க்கு இதனால் வருவாய் உண்டு. ஆயினும் இக்கொடி நிலத்தைக் காட்டிலும் ஆட்களின் கையையே அதிகம் வேண்டுவது. இதனை உணராது நட்டவர்கள் நஷ்டமடைந்ததும் உண்டு.

இதன் தாயகம் மெக்சிகோவின் தென்கிழக்குப் பகுதியும் மத்திய அமெரிக்காவுமாகும். அயல்நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடிகள் பூத்தனவேயன்றிக் காய்க்கவில்லை. பூவினுள் மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே ஒரு மெல்லிய தோல் தடுப்பாய் அமைந்திருத்தலே இதற்குக் காரணம். 1836-ல் பெல்ஜியம் நாட்டுத் தாவர நூலறிஞர் சார்ல் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்கச் செய்தார். 1841-ல், இன்று ரீயூனியன் எனப்படும் தீவில், எட்மண்ட் அல்பியஸ் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன் சிறு குச்சி கொண்டு விரைவாய் இதனைச் செய்யும் வழியைக் கண்டான். இன்றும் வானிலா விளையும் நாடுகளில் அம்முறையே கையாளப்படுகிறது.

சீதோஷ்ணமும் நிலமும்

ஆண்டில் 60 முதல் 120 அங்குலம் மழையும், 21 முதல் 32 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும், பாதி நிழலும் இதற்கு ஏற்றவை. மட்கு மிகுந்த, நீர் தேங்காத மண் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்த பாக்குத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் ஊடுபயிராக இதனை வளர்க்கலாம்.

நடவு

படர்வதற்குக் கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்ற மரங்களை முன்னதாகவே நட்டுக்கொள்ளவேண்டும். சுமார் 3 அடி நீளமுள்ள கொடித்துண்டின் அடியிலுள்ள சில இலைகளைக் களைந்து, ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து, அடிக் கணுக்களை மண்ணில் மேலாகப் பதித்து, தழையால் மூடுதல் வேண்டும். வேர்கள் மேல்மட்டத்திலேயே பரவுவதால் கொத்துதல் கூடாது. கொடியை 5 அடி உயரத்திற்கு மேல் ஏறவிடாது கிளைகளில் மடக்கித் தொங்கவிட்டால்தான் பூக்களைக் கை எட்டும். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் நோய் விரைந்து பரவும்.

மகரந்தம் சேர்த்தல்

மூன்றாம் ஆண்டில் கொடி பூக்கத் தொடங்கும். ஒவ்வொரு பூவும் விடியலில் மலர்ந்து அன்றே வாடிவிடும்; ஆகையால் வேலையை முற்பகலிலேயே முடித்துவிடவேண்டும். கூர்சீவிய மூங்கில் குச்சியினால் நடுத்தோலை மேலே உயர்த்தி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடிமீது மெல்ல அழுத்தினால் போதும். சேர்க்கை பலித்த பூ வாடியும் உதிராது. பலிக்காதது ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும்.

ஒரு கொத்தில் 15 முதல் 20 பூக்கள் இருப்பினும் 8 அல்லது 10 பூக்களுக்கே சேர்க்கை செய்தல் நலம். கொடிக்குப் பத்துக் கொத்து, கொத்துக்கு எட்டுப் பூ என்று கொண்டால், 500 கொடிகளுக்கு 40,000 பூக்களாகும். தேர்ந்த ஆள் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 1,000 பூக்களைக் கவனிக்கக்கூடும். இக்கணக்கை நடுவதற்கு முன்பே போட்டுப்பார்த்தல் அவசியம். தவறிய பூ மறுநாள் கிடைப்பதில்லை.

அறுவடையும் பதனிடுதலும்

காய் முற்ற 9 முதல் 11 மாதமாகும். நுனி வெளிர்மஞ்சளாகத் தொடங்கும்போது பறிக்கவேண்டும். களவுக்கு அஞ்சி இளங்காயைப் பறிப்பின் மணம் குன்றும். தாமதித்தால் காய் வெடிக்கும். பச்சைக்காய்க்கு மணமில்லை; பதனிடுவதாலேயே மணம் உண்டாகிறது. காய்களை 63 முதல் 65 டிகிரி வெந்நீரில் 3 நிமிஷம் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றிப் பெட்டியில் ஓரிரு நாள் வேர்க்கவைத்து, பின் தினமும் சில மணி வெயிலிலும், அப்பால் பல நாள் நிழலிலும் உலர்த்தி, மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்திருக்கவேண்டும். சுமார் 6 கிலோ பச்சைக்காய் 1 கிலோவாகச் சுருங்கும்.

விலை

2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் மடகாஸ்கர் தீவைப் புயல் தாக்கியபின் வானிலா விலை பன்மடங்கு ஏறிற்று. அதைக் கண்டு தென்னிந்தியாவில் பலர் கொடித்துண்டுகளை உயர்ந்த விலைக்கு வாங்கி நட்டனர். 2004-க்குப் பின் விலை வீழ்ந்தது. பலர் கொடிகளைக் கைவிட்டனர். 1874 முதல் செயற்கை வானிலின் செய்யப்பட்டுவருவதால், இயற்கைப் பொருளின் விலை மிகும்போது வாங்குவோர் அதன்பால் சாய்வதும் உண்டு. மேலும், இன்றைய விலையை நம்பி நடுபவர் பதனிட்ட காயைக் கையில் எடுக்க நான்கு ஆண்டுக்கு மேலாகும்.

ஆதலின், இதனை முழுநிலப் பயிராகக் கொள்ளாது, தோப்பின் ஊடே, குடும்பத்தார் கைகளால் காலையில் முடிக்கக்கூடிய அளவு கொடிகளையே நடுதல் உசிதம். விலை தாழ்ந்த ஆண்டிலும் தென்னையோ பாக்கோ கைகொடுக்கும். விலை உயர்ந்த ஆண்டில் வானிலா மேல்வருவாயாய் நிற்கும்.