காலுக்கேற்ற கதிரை

சட்டையையும் செருப்பையும் நாம் அளவு பார்த்தே வாங்குகின்றோம். சட்டை சிறிது பிடித்தாலும் தையற்காரரிடம் திரும்பச் செல்கின்றோம். செருப்புக் கடித்தால் கடைக்காரரோடு வாதாடுகின்றோம். ஆனால், நாள்தோறும் ஆறு மணி, எட்டு மணி நேரம் நம் உடற்பாரத்தைத் தாங்கும் கதிரையை மட்டும் அளவு பாராமலே ஏற்றுக்கொள்கின்றோம். கந்தோரில் எந்தக் கதிரை வெறுமையாய்க் கிடந்ததோ அதுவே புதிதாய் வந்த எழுதுவினைஞருக்குரிய கதிரை. வீட்டில் எந்தக் கதிரை மேசையருகே கிடக்கின்றதோ அதுவே பிள்ளை படிக்கும் கதிரை. இவ்வழக்கம் முறையானதுதானா என்பதை இன்று வாசகர்களோடு சேர்ந்து சிறிது ஆராய விரும்புகின்றோம்.

நம் முன்னோர் தரையிலே பாய் விரித்துச் சம்மணமிட்டிருந்து உண்டனர். அவ்வாறிருந்தே ஓலையை இடக்கையிற் பிடித்து எழுத்தாணியால் எழுதினர். தரைக்கு உயரம் என்பது இல்லை. ஆதலால் இருக்கையின் உயரத்தைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு இருந்ததில்லை. கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. கந்தோரும் லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. சொல்லோடு பொருளையும் ஏற்றுக்கொண்ட நாம், அப்பொருளை நம் உடம்பின் அளவுக்கு அமைத்துக்கொள்ளும் வேலையை மாத்திரம் மறந்துவிட்டோம்.

பொதுவாக மரக் கதிரையின் இருக்கை நிலத்திலிருந்து 17 அல்லது 18 அங்குலம் உயர்ந்திருக்கும். எழுதும் மேசை 29 அல்லது 30 அங்குலம் உயர்ந்திருக்கும். இவ்வளவுகள் ஐந்தேகால் அடி முதல் ஆறடி வரை வளர்ந்த ஒருவருக்கே பொருந்துவன. ஐந்தடி உயரமுள்ள பெண்மணியும், நாலரை அடி உயரமுள்ள மாணவனும் அதே கதிரையில் ஏறி, அதே மேசையின்மேற் கையை வைத்தே எழுத வேண்டியிருக்கின்றது.

அளக்கும் முறை

சரியான உயரத்தை அறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். வழக்கமாக அணியும் செருப்பையோ சப்பாத்தையோ அணிந்துகொண்டு, பாதம் இரண்டும் நிலத்தில் நன்கு படிய, கீழ்க்கால் நேர்குத்தாய் நிற்க அமர வேண்டும். நிலத்திலிருந்து முழங்காலின் பின்புறக் குழி வரை உள்ள உயரமே இருக்கைக்குரிய உயரமாகும். அதிலும் ஓர் அங்குலம் குறைந்தால் குற்றமில்லை; கூடுதலாகாது. அளவு நாடாவும் இல்லாதவர்கள் தம் உடல் உயரத்தில் நாலில் ஒரு பங்கைக் கணித்து, செருப்பின் தடிப்பையும் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும்.

அமர்ந்த பின்பும் ஒரு சோதனை உண்டு. முழங்காலுக்கு அண்மையில், தொடைக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே உள்ளங்கையைத் தட்டையாகச் செருகிப் பார்க்க வேண்டும். கை தடையின்றி நுழையுமாயின் உயரம் சரி. நுழைய மறுத்தால் கதிரை உயரம் அதிகம். முழங்கால் இடுப்பினும் மேலே எழுந்து நின்றால் கதிரை பதிவாயிருக்கின்றது என்பது பொருள்.

கால் தொங்கினால் என்ன, அத்தனை பெரிய தீங்கா என்று சிலர் வினவக்கூடும். தொடையின் கீழ்ப்புறத்தில் நரம்புகளும் குருதிக் குழாய்களும் ஓடுகின்றன. பாதத்துக்குத் தாங்கல் இல்லாதபோது காலின் பாரம் முழுவதும் இருக்கையின் விளிம்பில் விழுந்து அவற்றை அழுத்துகின்றது. கால் விறைப்பதும் மாலையிற் பாதம் வீங்குவதும் இதனாலேயாம். இவ்வழுத்தம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1940ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின்மீது ஜெர்மனிய விமானங்கள் குண்டு பொழிந்த நாள்களில், மக்களுட் பலர் பதுங்கிடங்களிலே துணிக் கதிரைகளில் இருந்தபடியே இரவைக் கழித்தனர். அக்காலத்தில் நுரையீரற் குழாயிற் குருதிக் கட்டி அடைத்து இறந்தோர் தொகை கூடியதைக் கண்டார் கீத் சிம்சன் என்னும் மருத்துவர். கதிரையின் முன்புறக் குறுக்குச் சட்டம் தொடையை மணிக்கணக்காக அழுத்தியதே இதற்குக் காரணமாகலாம் என அவர் எடுத்துக் காட்டினார். இடையிடையே எழுந்து நடமாடும் கந்தோர் ஊழியர் இத்தகைய முடிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எனினும், விளிம்பின் அழுத்தம் அற்பமான சங்கதியன்று என்பதை உணர இது போதுமன்றோ?

மேசையும் கதிரையும்

இருக்கை காலுக்குப் பொருந்தினாற் போதாது. மேசை கைக்குப் பொருந்த வேண்டும். தோளைத் தளர்த்தி மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், மேசையின் மேற்பரப்பு முழங்கையின் மட்டத்தில் இருத்தல் நன்று. கணினியில் தட்டெழுதுவோருக்கு அது சற்றுத் தாழ்வாயிருக்கலாம். பேனாவால் எழுதுவோருக்குச் சற்று உயர்வாயிருக்கலாம்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்குச் செருப்போடு 16 அங்குல இருக்கை பொருந்தும். அமர்ந்த நிலையில் முழங்கை இருக்கைக்கு மேல் 9 அங்குல அளவில் நிற்கும். ஆகவே அவருக்கு வேண்டிய மேசை 25 அங்குலம். கந்தோரில் இருப்பதோ 30 அங்குலம். காலுக்கேற்பத் தாழ அமர்ந்தால் தோள் உயர்ந்து கழுத்து நோகின்றது. கைக்கேற்ப உயர அமர்ந்தால் கால் தொங்குகின்றது. மேசைக் காலை அறுக்க எந்த மேலதிகாரியும் உடன்படார். எனவே, செய்யத்தக்கது ஒன்றே: கதிரையை 5 அங்குலம் உயர்த்திவிட்டு, பாதத்தின் கீழே அதே 5 அங்குல உயரமுள்ள பலகைப் பெட்டி ஒன்றை வைத்தல். நிலத்தைத் தாழ்த்த முடியாவிடினும் உயர்த்த முடியுமன்றோ?

இன்றைய கந்தோர்களிற் காணப்படும் சுழற் கதிரைகளில் இருக்கையின் கீழே ஒரு நெம்பு இருக்கின்றது. சற்று எழுந்துகொண்டு அதனை மேலே இழுத்தால், உள்ளே அடைபட்ட வாயு இருக்கையை உயர்த்தும். அமர்ந்தபடி இழுத்தால் நம் பாரத்தால் அது தாழும். நெம்பை விட்டவுடன் அந்த உயரத்திலே நிலைத்துவிடும். நமக்கு முன்பு அமர்ந்தவரின் உயரத்தை நாம் சுமந்திருக்க வேண்டுவதில்லை.

பிள்ளைகளின் பாடு

எல்லாவற்றினும் முக்கியமாக நாம் சொல்ல விரும்புவது பிள்ளைகளைப் பற்றியதே. மாலையில் விளக்கேற்றியதும் தந்தையின் மேசையில் பிள்ளையைப் படிக்க இருத்துகின்றோம். கால்மணி நேரத்துள் அது நெளிகின்றது. ஒரு காலை மடித்து வைக்கின்றது. முழங்காலில் எழுந்து நிற்கின்றது. உடனே, படிப்பில் நாட்டமில்லை என்று கடிந்து பேசுகின்றோம். குற்றம் பிள்ளையின் மனத்திலா, கதிரையின் காலிலா என்பதை எவரும் அளந்து பார்ப்பதில்லை.

2006ஆம் ஆண்டில் வெளியான ஐரோப்பிய நியமம், பாடசாலைக் கதிரைகளையும் மேசைகளையும் மாணவர் உயரத்துக்கேற்பப் பல தரங்களாக வகுத்துள்ளது. 119 முதல் 142 சென்ரிமீற்றர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு 35 சென்ரிமீற்றர் இருக்கையும் 59 சென்ரிமீற்றர் மேசையும். 159 முதல் 188 வரை உயரமுள்ளவருக்கு 46 சென்ரிமீற்றர் இருக்கையும் 76 சென்ரிமீற்றர் மேசையும் என்பது அதன் கணக்கு. நம் வீட்டு மேசையும் கதிரையும் இரண்டாவது வகையைச் சார்ந்தவை. அவற்றில் அமரும் சிறுவனோ முதலாம் வகையினன்.

சில தாய்மார் தலையணை ஒன்றை இருக்கையிலிட்டு உயர்த்துகின்றனர். அது கைக்கு உதவுகின்றது. ஆனால் கால் முன்னையிலும் மேலே தொங்குகின்றது. தலையணையிட்டால் காலடியில் ஒரு சிறு பலகையும் இட வேண்டும் என்பதை மறத்தலாகாது. நாலைந்து செங்கற்களை அடுக்கி அதன்மேற் பலகை வைத்தாலும் போதும். பிள்ளை வளர வளரச் செங்கற்கள் ஒவ்வொன்றாய்க் குறையும். ஆண்டுக்கு இரு முறை சட்டையளவு பார்க்கும்போது இவ்வளவையும் பார்த்துவிடலாம்.

உயரம் சரியாயின் முதுகுவலியெல்லாம் பறந்துவிடும் என நாம் கூறவில்லை. சுவீடன் நாட்டு வைத்தியர் அல்ப் நாக்கெம்சன் 1960களில் முள்ளந்தண்டின் இடைத்தட்டில் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிடச் சாய்வின்றி இருப்பதே முதுகுக்குச் சுமை என்றார். ஜெர்மனியில் 1999இல் வெளியான மற்றோர் அளவீடு, சாய்ந்து தளர்வாக இருக்கும்போது அச்சுமை நிற்பதினும் மிகுவதில்லை எனக் காட்டிற்று. இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது, எந்த இருக்கை நிலையும் நெடுநேரத்துக்கு நன்றன்று என்பதே. அரைமணிக்கொரு முறையேனும் எழுந்து நாலடி நடத்தல் வேண்டும்.

கதிரையின் உயரத்தைப் பதவியின் உயரமாக எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. கதிரைக்காக நடைபெறும் போட்டிகளும் நாடறிந்தவை. ஆயினும், பெரியவருக்கு உயர்ந்த கதிரை, சிறியவருக்குத் தாழ்ந்த கதிரை என்பது உடம்பு அறியாத நியாயம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது போலக் காலுக்குத் தக்க கதிரையே தகுதியான ஆசனமாகும். இன்று மாலை பிள்ளை படிக்க அமரும்போது, பெற்றோர் ஒரு முறை மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பார்களாக. பாதம் இரண்டும் எதிலேனும் படிந்திருக்கின்றனவா என்பதொன்றே பார்க்க வேண்டியது.