ஆறு மணி நேரத்தில் 2,000 மீட்டர்

கத்திரி தொடங்கிவிட்டால் தஞ்சாவூரில் பகல் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறப்பது வழக்கம் என்பதால், ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்கு மே மாதத்தில் வயலில் பெரிய வேலை இல்லை. பிள்ளைகளுக்கும் பள்ளி கிடையாது. அப்பாயி, தாத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ கிளம்ப இதை விட்டால் வேறு நாள் அமையாது.

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். விடியற்காலையில் கிளம்பி திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6 டிகிரிக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. முந்தின நாள் வரை வியர்வையில் ஊறிக்கிடந்த உடம்பு அன்று இரவே 12, 13 டிகிரியில் போர்வை தேடுகிறது. இந்தப் பயணத்தில் வரும் உபாதைகளில் பலவற்றுக்கு மலையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஏறுவதிலும் இறங்குவதிலும் நாம் காட்டும் அவசரம்தான் படுத்துகிறது.

அவசரமில்லாமல் ஏறியவர்கள்

கொடைக்கானல் ஊராக உருவானதே உடல்நலத்தை முன்னிட்டுத்தான். மதுரைப் பகுதியில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் நோய்களுக்கு அடுத்தடுத்து ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-ல் அங்கே வீடு கட்டினார்கள். ஊட்டியில் அதற்கும் முன்பே, 1820-களில், கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் குடியேறியிருந்தார். அந்தக் காலத்தில் நடந்தும் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். ஏறிய பிறகு கோடை முழுக்கத் தங்கினார்கள். நாம் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பித் திங்கள் காலை வேலையில் நிற்க வேண்டும் என்கிறோம்.

வளைவு தொடங்கும் முன்பே மாத்திரை

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலம் வழியில் 20. டெல்டாவில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சாலை என்றால் வாய்க்கால் கரையோரம் நீளும் தட்டையான பாதைதான். மூன்றாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும்.

உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, வண்டி திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. செல்போனில் பதிந்திருக்கும் கண்ணோ, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம். வண்டி ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வராது. அவர் கண் எப்போதும் சாலையிலேயே இருக்கிறது. அதனால் வாந்தி வரும் பிள்ளையைக் கடைசி சீட்டில் உட்கார வைக்காதீர்கள். நடு சீட்டுக்கு முன்னே கொண்டுவந்து, போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

மாத்திரை போடுவதாக இருந்தால் அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கியது வாந்தியோடு வெளியே போய்விடும். வயிற்றுப்போக்கு வாந்திக்கு வாங்கிய ஆன்டான்செட்ரான் சிரப் வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கொடுப்பவர்கள் உண்டு. பயணக் குமட்டலைத் தடுக்க அது பெரிதாக உதவாது. இதற்கென்று உள்ள ப்ரோமெத்தசின் போன்ற மருந்துகள் தூக்கம் வரவழைக்கும். டிரைவர் தொடக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரவே கூடாது. புராஸ்டேட் தொந்தரவோ கண் நீர் அழுத்த நோயோ உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவதில் தீங்கில்லை. இஞ்சி மொரப்பாவுக்கு, அதாவது இஞ்சிக்கு, ஓரளவு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் மட்டும் மொரப்பாவில் வெல்லமோ சீனியோ எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இறங்கும்போது காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினால் சரியாகும். கைக்குழந்தை அழுதால் பால் கொடுங்கள். உறிஞ்சி விழுங்கும்போது காது திறந்துகொள்ளும்.

கட்டுச்சோறு

புளியோதரை தாங்கும். தயிர்சாதம்தான் சிக்கல். விடியற்காலை பிசைந்ததை மே மாத வேனுக்குள் எட்டு மணி நேரம் வைத்திருந்து மேலே போய்ப் பிரித்தால், மறுநாள் முழுக்க அறையிலேயே கிடக்க வேண்டிவரும். தயிர்சாதத்தைத் திருச்சி தாண்டும்போதே முடித்துவிடுங்கள். ஆறிய சோற்றில் பெருகும் சில கிருமிகளின் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

குளிரில் தாகம் தெரியாது; குடிக்க நினைவூட்ட ஆள் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துப் போங்கள்.

யார் எவ்வளவு உயரம் போகலாம்?

2,100 மீட்டரில் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் தஞ்சாவூரில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இமயமலையில் வருவது போன்ற உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் என்பதால் நல்ல உடம்புக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. லேசான தலைவலி, முதல் இரவு தூக்கக் குறைவு, ஏற்றத்தில் நடந்தால் மூச்சு வாங்குவது, இவ்வளவுதான் இருக்கும். போன அன்றே பில்லர் ராக்ஸ் முதல் ஏரி வரை எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்காமல் அரை நாள் சும்மா இருந்தாலே போதும்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், இதயம் பலவீனமானவர்கள், கடும் ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். தாத்தாவை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். ஊட்டிதான் மலை என்று சட்டமில்லை.

இன்ஹேலர் பெட்டிக்குள் போகக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். சூடு தெரியாவிட்டாலும் உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும். ஸ்வெட்டர் போட்ட பிள்ளைக்கும் மூக்கு நுனி கருகும். தொப்பி போடுங்கள்.

சர்க்கரையும் பிரஷரும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். அப்படியும் வார இறுதியில் மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்ட ஒருவர் மதியம் இரண்டு மணி வரை சாப்பிடாமல் வளைவில் மாட்டிக்கொண்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குப்பென்ற வியர்வை, பேச்சில் குழறல் வந்தால் உடனே மூன்று நான்கு ஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸ். குளிரில் வியர்த்தால் சந்தேகப்படுங்கள்.

இன்சுலினுக்கு வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. நிறுத்திவைத்த வண்டிக்குள் விட்டாலும் கெடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்தாலும் கெடும். துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் ஏறும். ஊர் மாறினாலும் மாத்திரையை மாற்றாதீர்கள். வழியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிவருமே என்று நீர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதை வீட்டில் யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மூடிய அறைக்குள் கரி அடுப்பு

எல்லாவற்றையும்விடக் கவலைப்பட வேண்டியது இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு குளிர்காய்ந்த பழக்கம் நம் ஊரில் யாருக்கும் இல்லை. பெரியவர்கள் சொல்லித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மேலே போனதும் வெளியே பார்பிக்யூ போடுகிறோம். குளிர் ஏறியதும், கனல் இன்னும் இருக்கிறதே என்று அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்து ஜன்னலையும் சாத்திவிடுகிறோம்.

காற்றோட்டமில்லாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும். புகை அடங்கிய கனல் அந்த உபகாரத்தையும் செய்யாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயு பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். இதே அறிகுறிகள் மலை ஏறியதாலும் வரும் என்பதால், பயணக் களைப்பு என்று படுத்துவிடுகிறார்கள். படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. கொடைக்கானலிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான்.

ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி என்றால் பேச்சே வேண்டாம். எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, 108-ஐ அழையுங்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி கேளுங்கள். கரி வேண்டாம்.

குரங்கு

தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசிதான் இதற்கும், அங்கே இலவசம்.

இறங்கி வந்த பிறகு

வெயிலுக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை ஒரு வாரத்தில் ஓரளவு இழக்கத் தொடங்கும். பத்து நாள் மலையில் இருந்துவிட்டு வந்தவர் மறுநாளே போர்செட் தண்ணீரில் நாற்றங்கால் வேலைக்கு இறங்கினால், பக்கத்து வயல்காரரைவிட அவருக்கு வெப்பத் தாக்கு வரும் வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு மூன்று நாள் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடியுங்கள். மோரும் நீராகாரமும் உப்புப் போட்டுக் குடியுங்கள்.

புல் புதரில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என எல்லா இடத்தையும் பாருங்கள். வலியில்லாத, கறுப்புப் பொருக்குப் படிந்த சிறு புண் தெரிந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புண் எல்லோருக்கும் தெரிவதில்லை. டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரைக்கே கட்டுப்படும் நோய் அது. நாள் தள்ளினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். காய்ச்சல் என்று போகும்போது, போன வாரம் மலைக்குப் போய்வந்தோம் என்பதை டாக்டர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.