காப்பியும் தேகாரோக்கியமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் பால் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், விடியற்காலையில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறேன். தகப்பனார் வீட்டுப் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டுத் திரும்புகிறார். அதே வேளையில் அவருடைய குமாரத்தி ஒரு டம்ளர் காப்பியை மட்டும் அருந்திவிட்டுத் தொழிற்சாலைப் பஸ்ஸுக்கு விரைகிறாள். முன்னாளில் அவ்வேளைக்குப் பழையதும் நீராகாரமும் இருந்தன.

காப்பி விஷமன்று. அளவோடு அருந்துவோருக்கு அதனால் பெருங்கேடு விளைவதாக இக்கால ஆராய்ச்சி கூறவில்லை. ஆனால் அது ஆகாரமுமன்று. அதிலுள்ள காபீன் என்னும் சத்து சோர்வைச் சிறிது நேரம் மறைக்குமேயன்றிப் பசியை ஆற்றாது. டம்ளரில் போஷாக்கு உண்டென்றால் அது பாலினுடையதே. ஆதலின் கீழ்க்கண்டவற்றை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

1. அளவு: ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ம் வருஷம் வெளியிட்ட உணவு நெறிகளின்படி, ஒரு நாளைக்குக் காபீன் 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. 150 மில்லிலிட்டர் டிகாக்ஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையிலும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையிலும் உண்டு. சிக்கரியில் காபீன் இல்லை. கர்ப்பிணிகள் இன்னும் குறைத்துக்கொள்வது நலம்.

2. வேளை: காப்பி, தேயிலை இரண்டும் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன. 2019–21 வருஷத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் மாகாணத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை காணப்பட்டது. இதற்குக் காரணங்கள் பல. எனினும் உண்ட கையோடு காப்பி குடிப்பது உண்ட கீரையின் பலனையும் குறைப்பதாகும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பியை விலக்குக. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

3. உறக்கம்: அருந்திய காபீனில் ஏறக்குறையப் பாதி ஐந்து மணி நேரத்திற்குப் பின்னும் உடலில் நிற்கும். இரவு ஷிப்டு முடியுந் தறுவாயில் காப்பி அருந்தினால் பகலுறக்கம் கெடும்; உறக்கம் கெட்டவர் மறுநாள் இன்னும் அதிகமாய்க் காப்பியை நாடுவார். ஆகவே ஷிப்டின் முற்பகுதியோடு நிறுத்திக்கொள்க.

4. சர்க்கரை: டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 10 கிராம். ஐந்து டம்ளருக்கு 50 கிராம் ஆகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 25 கிராமுக்குள் நிற்பதே நன்றென்கிறது. வெல்லத்திற்கும் இது பொருந்தும்.

காப்பியை அறவே விடும்படி சொல்லவில்லை. முதலில் கஞ்சியோ, பழையதோ, இட்டிலியோ உண்ணட்டும். காப்பி பிறகு வரட்டும். சங்கத்திற்கு ஊற்றும் பாலில் ஓர் ஆழாக்கையேனும் குழந்தைகளுக்கென்று முன்னதாகவே எடுத்து வைத்துவிடுங்கள். பாலை விற்ற வீட்டில் குழந்தை நீர்த்த காப்பி குடித்து வளருமாயின், பட்டுவாடாப் பணம் எவ்வளவு வந்தும் அக்குடும்பத்தின் கணக்கு நஷ்டக் கணக்கேயாகும்.