ஓட்டத்திற்கு முந்திய ஏழு நாட்கள்

பொழுது புலரும் வேளையில் பெங்களூரின் கப்பன் பூங்காவிற்கோ அல்சூர் ஏரிக்கரைக்கோ செல்வோர், ஆடவரும் பெண்டிரும் அணியணியாக ஓடிப் பழகுவதைக் காணலாம். 2008-ஆம் ஆண்டு முதல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டமும், 2014-ஆம் ஆண்டு முதல் மாரத்தான் ஓட்டமும் இந்நகரின் ஆண்டு விழாக்களாகவே ஆகிவிட்டன. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து இங்கு வந்து, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நம்மவருள் பலர், அரை மாரத்தான் ஓடும் விருப்பம் கொண்டுள்ளனர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற 42.195 கிலோமீட்டரே பின்னர் மாரத்தானின் நிலையான தொலைவாயிற்று. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தானாகும்.

மூன்று நான்கு மாதங்கள் முறையாகப் பழகிய ஒருவர், ஓட்டத்திற்கு முந்திய கடைசி வாரத்தில் உடலையும் உள்ளத்தையும் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள். இதற்குரிய விடையை ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம்: அவ்வாரம் புதிதாக ஈட்டுவதற்கன்று, ஈட்டியதைக் காப்பதற்கே உரியது.

இதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். நாம் ஓடிப் பழகும்போது தசைகள் களைப்புறுகின்றன. பின்னர் ஓய்வுக் காலத்திலேதான் அவை தம்மைச் சீர்செய்துகொண்டு முன்னிலும் உறுதி பெறுகின்றன. கடினமான ஒரு பயிற்சியின் பயன் உடலில் தங்குவதற்கு ஏறத்தாழப் பத்து நாட்களாவது ஆகும். ஆகவே, போட்டிக்கு நான்கு நாள் முன்பு அச்சத்தினால் பதினெட்டுக் கிலோமீட்டர் ஓடிப் பார்ப்பவர், களைப்பை மட்டுமே எடுத்துக்கொண்டு போட்டிக்குச் செல்கிறார். பயன் அவருக்கு வந்து சேர்வதில்லை. அதற்காக முற்றிலும் படுத்திருத்தலும் தகாது. ஓடும் தொலைவை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் மறவாதிருத்தலே நன்று. ஞாயிறன்று போட்டி என்றால், திங்களன்று ஓய்வு. செவ்வாயன்று ஐந்து கிலோமீட்டர், அதில் இரண்டு கிலோமீட்டர் போட்டி வேகத்தில். வியாழனன்று நான்கு கிலோமீட்டர் மெல்லோட்டம். சனியன்று ஓய்வு, அல்லது கால் மணி நேர நடை. இவ்வளவே போதுமானது.

அடுத்து உணவைப் பற்றிக் கூறுவோம். நாம் உண்ணும் மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்னும் வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு இதுவே முதன்மையான எரிபொருள். 1966-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் பெர்க்ஸ்ட்ராம், ஹுல்ட்மன் என்னும் இரு அறிஞர்கள் தம் உடலிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தனர். ஒரே மிதிவண்டியில் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும் வரை மிதித்தனர். மற்றொரு கால் ஓய்விலிருந்தது. பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். உழைத்த காலின் தசையில், ஓய்ந்திருந்த காலைப்போல ஏறத்தாழ இருமடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருக்கக் கண்டனர். உழைத்துப் பின் ஓய்ந்து உண்ணும் தசையே மிகுதியாகச் சேமிக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

இப்பயனைப் பெற நம்மவர் அயல்நாட்டுப் பண்டம் எதையும் தேட வேண்டியதில்லை. கடைசி இரண்டு நாட்களில் சோறு, இட்லி, இடியாப்பம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் ஆகியவற்றின் பங்கைச் சற்றுக் கூட்டி, எண்ணெயையும் நெய்யையும் குறைத்துக்கொண்டால் போதும். வயிறு புடைக்க உண்ண வேண்டும் என்பது இதன் பொருளன்று. கிளைக்கோஜன் தன்னோடு நீரையும் சேர்த்து வைப்பதால், அந்நாட்களில் உடலின் எடை ஒரு கிலோகிராம் வரை கூடக்கூடும். அது கண்டு கலங்க வேண்டா. போட்டிக்கு முந்திய நாளில் கீரை, சுண்டல், முளைகட்டிய பயறு போன்ற நார்ச்சத்து மிகுந்தவற்றைத் தவிர்த்தால், மறுநாள் காலை வயிறு தொல்லை தராது. அன்றிரவு காரம் மிகுந்த பிசிபேளாபாத்தையும் நெய்யொழுகும் மசால் தோசையையும் விடுத்து, ரசஞ்சோறும் தயிர்ச்சோறும் உண்பதே அறிவுடைமை. வெற்றி விருந்தை ஓட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

நீர் அருந்துவதிலும் அளவு வேண்டும். நீர் குறைந்தால் கேடு என்பதைப் பலரும் அறிவர்; மிகுந்தாலும் கேடு என்பதை அறிந்தோர் சிலரே. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களுள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவுக்கு நீர் பருகியதே அதற்கு முதன்மையான காரணமாகக் காணப்பட்டது. தாகத்திற்கேற்பப் பருகுதலும், சிறுநீர் இளமஞ்சள் நிறத்தில் இருக்கிறதா எனக் கவனித்தலும் எளிய வழிகள். சென்னையிலிருந்து இங்கு வந்து ஓடுவோர் இன்னொன்றையும் கருத வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் கடற்கரையிலிருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சாலைகளோ ஏற்றமும் இறக்கமுமாய் அமைந்தவை. காலைக் குளிர்ச்சி உதவுமாயினும், தொடக்கத்தில் மூச்சு சற்று வாங்கக்கூடும். முதல் மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓடுதலே இதற்கு மருந்து.

உறக்கத்தைப் பற்றிய ஓர் ஆறுதலும் உண்டு. போட்டிக்கு முந்திய இரவில் பரபரப்பினால் உறக்கம் வராமற் போதல் இயல்பே. அவ்வொரு இரவின் குறையால் ஓட்டம் பெரிதும் கெட்டுவிடாது. ஆனால் அதற்கு முந்திய நான்கைந்து இரவுகள் இன்றியமையாதவை. இரவுப் பணி செய்வோர் அவ்வாரத்திலேனும் பணிமுறையை மாற்றிக் கேட்டுப் பெறுதல் நலம்.

இனி உள்ளத்தின் ஆயத்தம். ஓட்டம் குறைந்த வாரத்தில் மனம் வீணே அலைபாயும். முழங்காலில் இல்லாத வலி இருப்பதுபோலத் தோன்றும். பழகியதெல்லாம் மறந்துபோயிற்றோ என்னும் ஐயம் எழும். இது ஏறக்குறைய எல்லா ஓட்டக்காரர்க்கும் நேர்வது. அப்போது பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்து, கடந்த மாதங்களில் ஓடிய தொலைவுகளை ஒருமுறை படித்துப் பார்த்தால் மனம் அடங்கும். போட்டியின் தொலைவை ஏழேழு கிலோமீட்டராக மூன்று பகுதியாக்கிக்கொள்க. முதற்பகுதியில் பொறுமை, இரண்டாவதில் சீரான நடை, மூன்றாவதில் உறுதி என வகுத்துக்கொண்டால், இருபத்தொன்று என்னும் எண் அச்சுறுத்தாது. "பதினாறாவது கிலோமீட்டரில் கால் கனத்தால், அடியைச் சுருக்கி மூச்சை எண்ணுவேன்" என்பது போல, நேரக்கூடிய இடர்களுக்கு முன்கூட்டியே விடை வைத்திருத்தலும் நன்று. புதிய காலணி, புதிய ஆடை, புதிய பானம் ஆகிய மூன்றையும் அன்று தீண்டாதீர். அதிகாலையில் முதல் மெட்ரோ வண்டி எப்போது புறப்படும் என்பதை முந்திய நாளே உறுதி செய்துகொண்டால், பரபரப்பில் பாதி குறைந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே எழுந்து, பழகிய சிற்றுணவை, இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் போல, அளவாக உண்ணுக.

எல்லாவற்றினும் கடினமான ஆயத்தம் ஒன்றுண்டு. அது, வேண்டுமானால் ஓடாமலிருக்கத் துணிதல். கட்டணம் செலுத்தியாயிற்று, நண்பர்களிடம் சொல்லியாயிற்று, ஊரிலுள்ள பெற்றோர் படத்திற்குக் காத்திருக்கிறார்கள் என்னும் எண்ணங்கள், காய்ச்சலோடும் ஒருவரைத் தொடக்கக் கோட்டிற்கு இழுத்துச் செல்லும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்கே இதயம் நின்றுபோயிற்று. அபாயம் மிகச் சிறிதே என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த 59 பேருள் 42 பேர் உயிரிழந்தனர். ஆகவே, உழைக்கும்போது நெஞ்சில் வலி, இயல்பு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்திருந்தாலும், மருத்துவரைக் காணாமல் ஓடலாகாது. காய்ச்சலோடு ஓடினால் இதயத்தசை அழற்சிக்கு இடமுண்டு. மழைக்காலத்தை ஒட்டிப் பெங்களூரில் டெங்கு பரவுவதுண்டு. அந்நிலையில் ஐபுபுரூஃபென் போன்ற வலிநீக்கி மாத்திரையை விழுங்கி ஓடுவது, இரத்தப்போக்கிற்கே வழிவகுக்கும். காய்ச்சல் இல்லாதவரும் அம்மாத்திரையை ஓட்டத்தின் பொருட்டு உட்கொள்ளாதிருத்தல் நலம். அது சிறுநீரகத்திற்குச் சுமையாகும்.

திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரம் வலியறிதல். தன் வலிமையை மட்டுமன்றி அதன் எல்லையையும் அறிந்து செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் கருத்து. அல்சூர் ஏரிக்கு அண்மையில், பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலையைக் கடந்து ஓடிப் பழகும் நம்மவர்க்கு இது பொருந்தும் பாடம். மாதக்கணக்கில் சேர்த்த வலிமையை ஏழு நாட்கள் பொறுமையோடு காத்தவர் நன்றாக ஓடுவார். உடல் மறுத்த காரணத்தால் அவ்வாண்டு விலகி நின்றவரும் தோற்றவரல்லர். அவர் காத்த உடல், அடுத்த ஆண்டின் ஓட்டத்திற்கு அவரிடமே இருக்கும்.