பெருக்கலும் பங்கும்: மட்டக்களப்பு வயற்கணக்கை முன்வைத்துச் சில குறிப்புக்கள்

கணிதம் சமூகத்துக்கு அப்பாற்பட்ட தூய சிந்தனை என்னும் கருத்து நமது கல்வியுலகிற் பரவலாக உண்டு. பெருக்கலின் அடிப்படைப் பண்புகள் எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொதுவானவை என்பதில் ஐயமில்லை. ஆயின், அப்பண்புகளை மனிதர் கண்டறிந்ததும் கையாண்டதும் உற்பத்தி முயற்சிகளின் ஊடாகவே ஆகும். மட்டக்களப்பு வாவியை அண்டிய நெற்செய்கைப் பிரதேசத்தை மனங்கொண்டு இதனை விளக்க முற்படுவோம்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக மனனஞ் செய்யப்பட்ட தமிழ்ப் பின்னங்களை முதலில் நோக்குவோம். மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவும் காணியும் நில அளவைப் பெயர்களுமாகும். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் இப்பின்னங்களைக் கொண்டே நிலத்தை நுணுகி அளந்து வரியை வகுத்தன. ஈழத்திலோ காணி என்பது நிலத்துக்கே பெயராயிற்று. எண்ணின் பெயரும் உடைமையின் பெயரும் ஒன்றாய் நிற்பது தற்செயலன்று.

இப்பின்னங்களிற் பெருக்கலின் பண்புகள் தெளிவாகப் புலப்படுகின்றன. மாவிற் கால் எடுத்தாலும், காலில் ஒரு மாவை எடுத்தாலும் கிடைப்பது காணியே. எண்களின் இடம் மாறினும் பெருக்குத்தொகை மாறாது. இது பரிமாற்றுப் பண்பு. காலைக் காலாற் பெருக்கி (1/16) அதனை மாவாற் பெருக்கினால் முந்திரி வரும். கால்மாவாகிய காணியைக் காலாற் பெருக்கினும் முந்திரியே வரும். எவ்விரண்டை முதலிற் சேர்த்துப் பெருக்கினும் விடை ஒன்றே. இது சேர்ப்புப் பண்பு. ஒன்றாற் பெருக்கின் எண் மாறாமையும், பூச்சியத்தாற் பெருக்கின் பூச்சியமே எஞ்சுதலும் யாவரும் அறிந்தவை.

மூன்றாவது பங்கீட்டுப் பண்பு. கால் என்பது ஐந்து மா. அதனை நாலு மா, ஒரு மா எனப் பிரித்து ஒவ்வொன்றையும் காலாற் பெருக்கினால் முறையே ஒரு மாவும் ஒரு காணியும் கிடைக்கும். இரண்டையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16. சொல்லின் அமைப்பிலேயே இக்கணக்கு உறைந்துள்ளது. கூட்டலுக்குப் போலவே கழித்தலுக்கும் இப்பண்பு பொருந்தும்.

சமூகவியல் நோக்கிற் பெரிதும் கவனத்துக்குரியது இப்பண்பே. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல்களிற் போடியாரும் பங்குக்கு வெள்ளாமை செய்வோரும் களவெட்டியிற் கணக்குத் தீர்த்த முறைகளை எண்ணிப் பார்ப்போம். ஓர் எடுத்துக்காட்டு: விளைவு 40 அவணம், விதைநெல், கூலி முதலிய செலவு 12 அவணம், பங்கு அரைவாசி. செலவைக் கழித்தபின் பங்கிட்டால் இருவருக்கும் 14 அவணம் சேரும். பொலியை முதலிற் பாதியாக்கி, செலவு முழுவதையும் செய்கையாளன் தலையிற் கட்டினால் போடியாருக்கு 20, செய்கையாளனுக்கு 8. பங்கீட்டுப் பண்பு கூறுவது யாது? வேறுபாடாகிய 6 அவணம் செலவின் அரைவாசியே ஆகும். அடைப்புக்குறிக்குள் இருக்கவேண்டிய செலவை வெளியே தள்ளியதால், போடியார் தாங்கவேண்டிய பாதி செய்கையாளன்மீது சுமந்தது. இரு முறையிலும் "அரைவாசி" என்ற சொல் மாறவில்லை என்பது குறிக்கத்தக்கது.

பிலிப் குணவர்த்தனா விவசாய அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு உச்சவரம்பு விதித்தது. பெருக்கும் பின்னத்தைக் குறைப்பதே அதன் வழி. ஆயினும் சட்டத்தின் பயனைப் பெறுமுன்னரே குத்தகையாளர் பலர் நாட்டின் பல பாகங்களிலும் வெளியேற்றப்பட்டனர். பின்னத்தை மாற்றிய சட்டத்தால் நிலவுடைமை உறவை முற்றாக மாற்ற இயலவில்லை.

பெருக்கலின் விதிகளுக்கு வர்க்கச் சார்பு இல்லை. எதை முதலிற் கழிப்பது, எதைப் பின்னர்ப் பெருக்குவது என்னும் ஒழுங்கையோ நிலத்தின் சொந்தக்காரரே பெரிதும் தீர்மானித்தனர். ஆகவே பங்கீட்டுப் பண்பை வெறும் குறியீட்டுச் சமன்பாடாக மட்டும் கற்பித்தல் போதாது. தன் பங்கு எவ்வாறு குறைந்தது என்பதைச் செய்கையாளனின் பிள்ளை தானே கணக்கிட்டறியும் கருவியாகவும் அது கற்பிக்கப்படுதல் வேண்டும்.