விரிப்புத் தையலில் நூல் நுனியைப் பூட்டுதல்

ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை நிறைக் கணக்கில் வாங்கி, ஒன்றோடொன்று பொருத்திப் படுக்கை விரிப்புகளாகத் தைத்து விற்கும் சகோதரிகள் எமது கிராமங்களில் உளர். மேலே ஒட்டுத்துணி, நடுவிலே பழைய போர்வை அல்லது பஞ்சு விரிப்பு, கீழே ஒரு முழுத்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்து மெசினில் வரிவரியாகத் தைக்கும் இவ்விரிப்பை ஆங்கிலத்தில் குவில்ட் என்பர்.

பார்வைக்கு அழகாக இருந்த விரிப்பு, நாலைந்து முறை தோய்த்ததும் தையல் விட்டு, உள்ளிருக்கும் பஞ்சு ஒருபக்கம் ஒதுங்கித் திரும்பி வருவதை நாம் கண்டிருக்கிறோம். துணியிலே குறையில்லை, நூலிலும் குறையில்லை. வரி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நூல் நுனியைப் பூட்டாமல் விட்டதே குறை. பல நாள் உழைப்பில் உருவான விரிப்பு திரும்பி வந்தால், அதன் கூலி மட்டுமன்றி வாங்கியவரின் நம்பிக்கையும் போய்விடும். ஆகவே இச்சிறு வேலையை முறையாகச் செய்யும் விதத்தை நாம் அறிந்திருத்தல் நல்லது.

தையல் ஏன் பிரிகிறது?

எமது வீட்டு மெசின்கள் தைப்பது பூட்டுத்தையல். இத்தையலைப் போடும் மெசினுக்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். மேல்நூல் துணியைத் துளைத்துக் கீழே சென்று, பொபின் நூலைக் கொளுவிக்கொண்டு மேலே வருகிறது. இங்கே முடிச்சு எதுவும் விழுவதில்லை. ஒவ்வொரு தையலையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள தையல்கள் பிடித்துக்கொள்கின்றன. முதற் தையலுக்கும் கடைசித் தையலுக்கும் ஒருபக்கத்தில் பிடிமானம் இல்லை. அவை கழன்றால் அடுத்தது கழரும். அதன்பின் வரி முழுவதும் இளகிவிடும். வழுவழுப்பான பொலியெஸ்டர் நூல் பருத்தி நூலிலும் பார்க்க விரைவில் கழரும்.

சட்டை தைக்கும்போது மெசினைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டி நுனியைப் பூட்டுகிறோம். அது உட்புறத்தில் மறைந்துவிடும். விரிப்பிலோ இரு பக்கமும் வெளிப்பக்கமே. பின்னோக்கித் தைத்த இடம் தடித்து, கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியும். அதைவிட, பழைய மிதி மெசின்கள் பலவற்றிலே பின்னோக்கித் தைக்கும் வசதியும் இல்லை. ஆகவே வேறு மூன்று வழிகளைக் கூறுகிறோம்.

1. விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தைத்தல்

மிகவும் இலகுவான வழி இதுவே. ஒவ்வொரு வரியையும் விரிப்பின் ஒரு விளிம்பில் தொடங்கி எதிர் விளிம்பில் முடியுங்கள். பின்னர் கரைப்பட்டி வைத்துத் தைக்கும்போது அத்தையல் எல்லா நுனிகளையும் குறுக்கே மிதித்துப் பூட்டிவிடும். தைக்கத் தொடங்குமுன் கோடுகளை இவ்வாறு திட்டமிட்டு வரைந்துகொண்டால் பாதி வேலை குறையும்.

2. குறுந்தையலால் பூட்டுதல்

விரிப்பின் நடுவிலே தொடங்க நேர்ந்தால் முதலில் பொபின் நூலை மேலே எடுக்க வேண்டும். பாதத்தை இறக்கி, மேல்நூலை இடக்கையால் பிடித்து, கைச்சில்லை உங்கள் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மேல்நூலை மெல்ல இழுத்தால் பொபின் நூல் கண்ணியாக மேலே வரும். இரண்டு நூலையும் ஐந்து அங்குலம் வரை வெளியே எடுத்து, பாதத்தின் பின்னே பிடித்துக்கொண்டு, அதே துளையில் ஊசியை இறக்குங்கள். இவ்வாறு செய்தால் அடியில் நூல் சிக்குப்பட்டுக் கட்டியாவதில்லை.

இனி, தையல் நீளத்தை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக்கி, கால் அங்குல தூரத்துக்கு எட்டுத் தையல் அளவில் போடுங்கள். பின்பு வழமையான நீளத்துக்கு, அதாவது அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையலுக்கு, மாறுங்கள். வரி முடியக் கால் அங்குலம் இருக்கையில் மீண்டும் குறுந்தையலுக்கு வாருங்கள். பின்னர் நுனிகளைத் துணியோடு ஒட்ட வெட்டிவிடலாம். நீளத்தை அடியோடு பூச்சியமாக்கி ஒரே இடத்திற் குத்த வேண்டாம்; நூல் முடிச்சுப்பட்டு மேடாகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய மெசின்களின் தகட்டிலுள்ள எண் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைக் காட்டும். அதிலே பெரிய எண்தான் குறுந்தையல். புதியவற்றில் எண் மில்லிமீற்றரைக் குறிக்கும். அதிலே சிறிய எண்தான் குறுந்தையல்.

3. நுனியை உள்ளே புதைத்தல்

துணிக்கும் நூலுக்கும் நிறம் வேறாக இருந்தால் குறுந்தையலும் தெரியும். நல்ல விலைக்கு விற்கும் விரிப்புக்கு இம்முறையே சிறந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து அங்குல நூல் விடுங்கள். தொடக்கத்தில் இரு நுனிகளும் மேற்பக்கத்தில் இருக்கும். முடிவில் விரிப்பைத் திருப்பி, பொபின் நூலை மெல்ல இழுத்தால் மேல்நூல் கண்ணியாக வரும். அதை ஊசி முனையால் முழுவதும் வெளியே எடுங்கள்.

இரு நூலையும் சேர்த்து, துணியிலிருந்து ஒரு நெல்மணி தூரத்தில் முடிச்சிடுங்கள். பின் இரண்டையும் கையூசியிற் கோத்து, தையல் முடிந்த அதே துளையில் இறக்கி, மறுபக்கத் துணியைத் துளைக்காமல் நடு அடுக்கினூடாக ஓர் அங்குலம் ஓட்டி வெளியே எடுங்கள். சற்றுச் சுண்டி இழுத்தால் முடிச்சு உள்ளே சென்று தங்கும். எஞ்சிய நூலை ஒட்ட வெட்டுங்கள். முடிச்சும் தெரியாது, நுனியும் தெரியாது.

பொபின் இடையிலே தீர்ந்தால்

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம். அரை அங்குலம் பின்சென்று பழைய தையலின் மீதே தொடங்கிக் குறுந்தையலாற் பூட்டுங்கள். நீண்ட வரியைத் தொடங்குமுன் பொபினைப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

புதிதாகப் பழகுவோர் ஆறு அங்குலச் சதுரமாக மூன்று அடுக்கு வைத்துத் தைத்து, இரண்டு முறை தோய்த்து, நுனியை இழுத்துப் பாருங்கள். கழராவிடில் விரிப்பிலே கைவைக்கலாம். தையல் வகுப்பு நடத்துவோர் இப்பரீட்சையை எல்லோரிடமும் செய்விப்பது பயன்தரும்.

யோப்பா பட்டணத்திலே தொற்காள் இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடைகளை விதவைகள் அழுதுகொண்டு எடுத்துக் காட்டினார்கள் என்று திருமறை கூறுகிறது. அவளுக்குச் சாட்சியாக நின்றவை அத்தையல்களே. நாம் தைப்பவையும் தோய்ப்பிலே பிரியாமல் நிற்கட்டும்.